பதுக்கெப் பேசத் தெரியாத டீச்சர்

கழக்கூட்டம் என்கிற ஊரில் கம்ப்யூட்டர் பிள்ளைகள் குடியிருக்கிற உயரமான ஃப்ளாட்டுகளில் பாதிக்குக் குழாய் போட்டவன் நான். தம்பானூர் லாட்ஜுகளில் நீங்கள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிற அறை அனேகமாக என் கையால் ஆனது. வித்துரா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற கட்டணக் கழிப்பிடம், கரமனைப் பக்கத்துக் கல்யாண மண்டபங்கள், மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கழிவுநீர்த் தொட்டி, எல்லாம் நான். நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டிக்காட்டில் நாலாங்கிளாஸோடு பையைத் தூக்கி எறிந்துவிட்டு, தம்பானூர் ஓட்டல் ஒன்றில் எச்சில் தட்டு கழுவ வந்தவன். அந்த ஓட்டலில் சாக்கடை அடைத்துக்கொண்டபோது யாரும் அதற்குள் கையை விடவில்லை, நான் விட்டேன். அன்றைக்கு ஆரம்பித்த பிழைப்பு.

மலையாளம் இன்றைக்கும் எனக்கு வாசிக்க வராது. பஸ் போர்டைப் பார்த்து ஏற மாட்டேன், கண்டக்டரைக் கேட்டுத்தான் ஏறுவேன். ஆனால் ஒரு கட்டடத்துக்குள் காலை வைத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். இன்ஜினீயர்மார் முதலில் ஏய் என்கிற மாதிரி 'எடோ' என்றார்கள், பிறகு 'மேஸ்திரி' என்றார்கள், இப்போது 'அண்ணாச்சி சார்' என்கிறார்கள். யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை.

இத்தனையிலும் பெரிசு எது என்று கேட்டால் நான் ஃப்ளாட்டைச் சொல்ல மாட்டேன். ஒரு விளையாட்டு மைதானத்தின் மூலையில், பெண்பிள்ளைகள் தங்கி ஓட்டம் படிக்கிற ஹாஸ்டலை ஒட்டி, ஒரு சின்னக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. அதைத்தான் சொல்வேன். அதைக் கட்டவைத்தவர் ஒரு டீச்சர். ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறவர். பேரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்கு இனி ஒரு இடத்திலும் வேலை கிடைக்காமல் போய்விடும். கரமனையில் பிறந்து வளர்ந்த நாஞ்சில் நாட்டுக் குடும்பத்துப் பெண், ஒல்லி, கழுத்தில் விசில், தோளில் ஒரு துணிப்பை, அதில் எந்நேரமும் நாலைந்து சானிட்டரி பேட் பாக்கெட். இவ்வளவு போதும்.

எனக்கு இடது காது மந்தம். டைல்ஸ் அறுக்கிற மெஷின் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்தால் அப்படித்தான். வீட்டில் எல்லாரும் என்னிடம் எதையும் இரண்டு தடவை சொல்வார்கள். ஒரே தடவையில் எனக்குக் கேட்கும்படி பேசிய ஆள் டீச்சர் ஒருவர்தான். அவருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது. மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சொல்கிற சமாசாரத்தைத்தான் அவர் இன்னும் சத்தமாகச் சொல்வார். மைதானத்துச் செக்ரட்டரி அவரிடம் எப்போதும் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "பதுக்கெ டீச்சரே, பதுக்கெ." மெதுவாக என்று அர்த்தம். "ஆளுகள் கேக்கும்" என்பார்.

"கேக்கட்டும் சாரே. கேக்கத்தானே சொல்லுகேன்" என்பார் டீச்சர்.

நான் அவரை முதலில் பார்த்தது ஹாஸ்டல் குழாய் அடைத்துக்கொண்ட அன்று. அது அடிக்கடி அடைக்கும். கூப்பிட்டால் நான்தான் போவேன். மூடியைத் திறந்து என் ஆள் மூங்கில் பிளாச்சை விட்டு இழுத்தான். வந்ததெல்லாம் பேடும் பழந்துணியும். செக்ரட்டரி மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, பிராக்டிஸ் முடிந்து வந்த பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தச் சொன்னார்.

"ஆரா இது செய்தது? பறயணும்."

எல்லாம் பதினாலு, பதினைந்து வயசுப் பிள்ளைகள். தலை குனிந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றன. கடைசியில் இருந்த ஒன்று அழவே ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் டீச்சர் மைதானத்திலிருந்து விசிலோடு வந்தார். குழியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார்.

"நான்தான் சாரே."

"டீச்சரா?"

"எல்லாம் என்னுடையதுதான். கக்கூஸுக்குள்ள ஒரு கூடை வையுங்கன்னு வந்த நாள் முதலா கேக்கேன். கெஸ்டுமார் வந்தா பாக்க நல்லா இருக்காதுன்னியளே. கூடை இல்லாத இடத்துல நான் இதைக் கொண்டு எங்க போட? உங்க மேசை மேலயா?"

என் ஆள் சிரிப்பை அடக்க முடியாமல் பிளாச்சைக் குழிக்குள்ளேயே விட்டுவிட்டான். செக்ரட்டரி சுற்றுமுற்றும் பார்த்தார். "பதுக்கெ" என்றார். பிள்ளைகள் கலைந்து ஓடின. டீச்சர் மலையாளத்தை விட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க எத்தனை தடவை வந்து அள்ளுவியோ? உங்களுக்கும் வேற சோலி இல்லியா?"

தமிழில் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் தொழிலை அவ்வளவு பேர் முன்னால் யாரும் ஒரு தொழிலாக நினைத்துப் பேசினதில்லை.

அதன் பிறகு அந்தப் பக்கம் போனால் வேலியோரத்து டீக்கடையில் கொஞ்சம் நின்றுவிட்டு வருவேன். காலை பிராக்டிஸுக்கு முன் டீச்சர் நடு மைதானத்தில் நின்று கேட்பார்: "இன்னைக்கு யாருக்கெல்லாம் பீரியட்ஸ்?" கை தூக்கவேண்டும். வயிற்றுவலி உள்ளவர்களுக்கு வேறு பிராக்டிஸ், மெல்லிய ஓட்டம். முதலில் ஒரு கையும் எழும்பாதாம். நான் பார்க்கத் தொடங்கிய காலத்தில் முழங்கை மடங்கின மட்டுக்கு எழும்பிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஃபுட்பால் ஆடுகிற பயல்கள் ஒரு நாள் ஊளையிட்டுச் சிரித்தான்கள். டீச்சர் நேரே அவன்களிடம் போனார்.

"எதுக்குடே சிரிக்கியோ? உங்க அம்மைக்கு இது வரலேன்னா நீங்க எங்க இருந்துடே வந்திருப்பியோ? ஆகாசத்துல இருந்தா?"

டீக்கடைக்காரன் டீயை ஆற்றாமல் நின்றான். அதன் பிறகு பயல்கள் சிரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். டீச்சர் இல்லாத நேரம் பார்த்துச் சிரித்தான்கள்.

ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்கே வந்துவிட்டார். சாப்பாட்டு நேரம். மூத்த மருமகன் வந்திருந்தார், இலையில் மீன்குழம்பு. டீச்சர் உட்காரக்கூட இல்லை.

"அண்ணாச்சி, நீங்க ஒரு முறி, சின்னதா ஒரு ரூம், கெட்டித் தரணும். பகல் பூரா ஹாஸ்டல் பூட்டிக் கிடக்கு, பிள்ளைகளுக்கு மாத்த எடம் இல்ல. விடியக்காலத்துல வச்ச பேடோட சாயங்காலம் வரைக்கும் ஓடுதுக. வேர்வை, மணல், நனைஞ்ச பேடு. தொடை உரஞ்சி தோல் போயிட்டு. சிலதுக்குச் சொறி, சிலதுக்கு நீர்க்கடுப்பு. நீர்க்கடுப்பு வந்ததும் தண்ணியே குடிக்காம இருக்குதுக. கழுவின துணியை வெயில்ல போட வெக்கப்பட்டு கட்டிலுக்கு அடியில ஈரத்தோட போடுதுக. அதையே திரும்ப வைக்குதுக."

மருமகன் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். என் வீட்டுக்காரி அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள். டீச்சர் போன பிறகு நான், "என்ன பெண்ணு இது, ஆம்பிளையள் இருக்க இடத்துல" என்றேன். அவள் சொன்னாள்: "அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பொய் சொல்லல்ல. ஊருக்கெல்லாம் கெட்டுனீங்களே, இதையும் கெட்டிக் குடுங்க. நான் சின்னதுல வாழைத்தோப்புக்குள்ள போய் மாத்தினவதான்."

அதை அவள் எனக்கு அதுவரை சொன்னதே இல்லை.

கட்டினேன். என் ஆட்கள், என் சிமெண்ட், ஃப்ளாட் வேலையில் மிஞ்சின நல்ல டைல்ஸ். செக்ரட்டரி இடம் மட்டும்தான் கொடுத்தார். டீச்சர் தினம் வந்து நின்று சண்டை போட்டார். தண்ணீர்க் குழாய் வெளியே வாஷ்பேசினில் இருந்தால் போதாது, கதவுக்கு உள்ளேயே வேண்டும். பையை மாட்டக் கொக்கி வேண்டும், தரை நனைந்திருந்தால் பேடை எங்கே வைப்பாள்? ஜன்னல் தலைக்கு மேலே இருக்கவேண்டும், ஆனால் இருட்டாக இருக்கக் கூடாது. துணி உலர்த்தக் கூரைக்குப் பதில் கண்ணாடி ஓடு. சுவரில் ஒரு சின்னத் திறப்பு, அதில் போட்டால் பின்னால் உள்ள எரிக்கிற அடுப்புக்குப் போகும், அதற்கு ஒரு புகைக்குழாய். அந்த அடுப்பை நானே யோசித்துச் செய்தேன். எந்த இன்ஜினீயரும் வரைந்து தரவில்லை. தீ மூட்டிப் பார்த்தபோது சாம்பல் திருநீறு மாதிரி விழுந்தது.

திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். சுவரில் கறுப்புக் கல் பதித்திருந்தார்கள். எனக்கு வாசிக்க வராது என்பதால் டீச்சரைக் கேட்டேன். 'வனிதா விஸ்ரம கேந்திரம்' என்று மேலே, பெண்கள் ஓய்வெடுக்கிற இடம் என்று அர்த்தம். கீழே ரிப்பன் வெட்ட வந்தவர் பேர், தலைவர் பேர், செக்ரட்டரி பேர்.

"என் பேரு?"

"இல்ல அண்ணாச்சி. என் பேரும் இல்ல. இது என்ன எடம்னும் இல்ல."

டீச்சரை இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தார். "இது விஸ்ரமம் எடுக்கிற இடம் இல்ல. பிள்ளைகள் பேடு மாத்தற இடம். ரத்தம் கழுவற இடம். இனிமே ஒரு பிள்ளையும் புண்ணோட ஓட வேண்டாம்" என்று மலையாளத்தில் ஆரம்பித்தார். செக்ரட்டரி பக்கத்தில் வந்து குனிந்து, "பதுக்கெ டீச்சரே" என்றார். அது மைக்கில் விழுந்து மைதானம் முழுக்கக் கேட்டது. நான் உரக்கச் சிரித்தேன். அந்தக் கட்டடத்தை நினைத்து நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஏனென்றால் அடுத்து வந்தது புகை. அடுப்பு எரிந்தால் புகைக்குழாயில் புகை வரத்தானே செய்யும்? காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்க வருகிற பென்ஷன்காரர்கள் அதைக் கண்டுவிட்டார்கள். நாற்றம் என்று யாரும் சொல்லவில்லை, நாற்றம் கிடையாது, என் வேலை அப்படி. அவர்கள் புகார் வேறு. புகை வருகிற நேரம் என்ன எரிகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறதாம். குடும்பமாக நடக்க வருகிற இடமாம். ஃபுட்பால் பயல்கள் புகையைப் பார்த்ததும் கைதட்ட ஆரம்பித்தான்கள். பிள்ளைகள் தாமாகவே அடுப்புப் பக்கம் போவதை நிறுத்தின. செக்ரட்டரி அடுப்பை அணைக்கச் சொன்னார். பிறகு, வெளியாட்கள் நுழைகிறார்கள் என்று கதவுக்குப் பூட்டுப் போட்டார். சாவி எங்கே? ஆபீஸில், அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில். தேவைப்பட்ட பிள்ளை ஆபீஸுக்குள் போய், அங்கே உட்கார்ந்து பேப்பர் வாசிக்கிற ஆம்பிளைகள் நடுவில் நின்று சாவி கேட்கவேண்டும். எந்தப் பிள்ளை கேட்கும்? திரும்பவும் காலையில் வைத்த பேட், குடிக்காத தண்ணீர், அடைக்கிற குழாய். திரும்பவும் எனக்கு ஃபோன்.

டீச்சர் தினம் தாமே போய்ச் சாவி கேட்டார். "சாவி தாருங்க, என் பிள்ளைக்கு ரத்தம் போவுது." ஒரு நாள் சாவி தொலைந்துவிட்டது என்றார்கள். நான் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தேன். அதன் சாவியும் அதே ஆணிக்குப் போனது.

இதற்கு நடுவில்தான் சுபிதா. வித்துராவுக்கு மேலே மலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிற தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. நீளமான ஓட்டத்துக்காரி. மலையில் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போன கால், அது ஓடினால் மற்றதெல்லாம் நடக்கிற மாதிரி இருக்கும். எடை குறைந்தால் இன்னும் வேகமாக ஓடலாம் என்று யாரோ அதன் காதில் ஓதிவிட்டார்கள். பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டுவிடும். கை தூக்கச் சொல்லுகிற நேரம் இந்தப் பிள்ளையின் கை மட்டும் எழும்புவதே இல்லை என்பதை டீச்சர் கவனித்துவிட்டார்.

"உனக்குக் கடைசியா எப்போ வந்துது மக்ளே?"

"ஓணத்துக்கு முன்ன டீச்சர்." கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் கடைகளில் தொங்கிக்கொண்டிருந்த சமயம் அது. பிள்ளை சிரித்தது. "எனக்கு அந்தத் தொல்லையே போயிட்டு."

மற்ற பிள்ளைகளுக்குப் பொறாமை. சாவி கேட்க வேண்டாம், கறை பார்க்க வேண்டாம். ஹாஸ்டல் மேட்ரன் அவளை அதிர்ஷ்டக்காரி என்றாள். செக்ரட்டரிக்கும் சந்தோஷம், மாநில மீட், அந்த ஓட்டப் போட்டி, எந்தத் தேதியில் வைத்தாலும் கவலை இல்லை. டீச்சர் ஒருவர்தான் தலையில் கை வைத்தார். டீக்கடை பெஞ்சில் என்னிடம் சொன்னார்:

"அதிர்ஷ்டம் இல்ல அண்ணாச்சி. அவ திங்கது ஓட்டத்துக்கே காணாது. உடம்பு என்ன செய்யும்? வீட்டுல கரண்டு காணாட்டி ஒவ்வொரு முறியா லைட்ட அணைப்போம் இல்லியா? முதல்ல இத அணைச்சிட்டு. அடுத்தது எலும்பு."

டாக்டரிடம் காட்டவேண்டும், வயிறார சாப்பிடவேண்டும், மீட்டுக்குப் போகக் கூடாது என்றார் டீச்சர். ஓடாத பிள்ளைக்கு ஹாஸ்டலில் கட்டில் இல்லை என்றார் செக்ரட்டரி. தகப்பனை வரவழைத்தார்கள். அவருக்கு மலையாளம் தெரியும், ஆனால் ஆபீஸ் மலையாளத்துக்கு முன்னால் வாய் எழும்பாது. அதனால் அவருக்குத் துணையாக டீச்சர் என்னையும் கூப்பிட்டார். ஆபீஸ் வராந்தாவில் நின்று பேசினோம். டீச்சர் வழக்கம்போல எல்லாவற்றையும் விளக்கினார். உள்ளே பேப்பர்களுக்கு மேலே தலைகள் எழும்பின.

அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது வெளங்குதும்மா. ஓடலன்னா எம்புள்ளைக்கு இங்க எடம் இருக்குமா? அங்க தோட்டத்துல எங்களுக்கு ஒழுகுற லயத்து வீடுதான் இருக்கு. பள்ளிக்கூடமும் நின்னு போயிரும்."

நான்தான் சொன்னேன்: "என் வீட்டுல இருக்கட்டும். நான் படிக்க வைக்கேன்."

"பெரிய மனசு ஐயா. ஆனா அடுத்த வீட்டுல பாத்திரம் கழுவவா இவ இம்புட்டு தூரம் ஓடி வந்தா?" அவர் குரல் இன்னும் இறங்கியது, நான் வலது காதைச் சாய்த்தேன். "வயசுப் புள்ளைக்கு அது வரலன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்? சத்தம் போடாதீங்கம்மா."

"சத்தம் போடாம எப்படிச் சொல்ல?" என்று டீச்சர் தொடங்கினார். சுபிதா தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "மெதுவா பேசுங்க டீச்சர். எல்லாரும் கேக்காங்க" என்றாள்.

செக்ரட்டரி எத்தனையோ தடவை சொன்னது டீச்சர் மேல் தூசு மாதிரி விழுந்து போனது. இது அப்படிப் போகவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் துணிப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்.

சுபிதா மீட்டுக்குப் போனாள். நானும் பார்க்கப் போனேன். கடைசி வளைவு வரை அவள்தான் முன்னால். அங்கே, தடுக்க ஒன்றுமே இல்லாத இடத்தில், கால் மடங்கி விழுந்தாள். டீச்சர் ஓடிப்போய்த் தூக்கினார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. பட்டினி, அதனால் மாசாமாசம் வருகிற தூரம் நின்றது, அதனால் எலும்பு பலம் போனது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். டீச்சர் டீக்கடை பெஞ்சில் எனக்கு முன்பே சொன்னதுதான். தகப்பன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். டாக்டர் நல்ல மெதுவாகத்தான் சொன்னார்.

ஹாஸ்டல் கட்டில் வேறு பிள்ளைக்குப் போனது. சுபிதா இப்போது வித்துராவில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். உட்காரக் கூடாத வேலை. போன மழைக்காலத்தில் அங்கே ஒரு வேலைக்காகப் போனவன் வீட்டுக்காரிக்குச் சேலை எடுக்க நுழைந்தேன். காலைக் கொஞ்சம் இழுத்து நடந்து வந்து சேலை விரித்துப் போட்டாள். "உடம்பு எப்படி மக்ளே?" என்றேன். "கொள்ளாம் ஐயா" என்றாள், பரவாயில்லை என்று. அது வருகிறதா என்று கேட்க நினைத்தேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். கேட்கவில்லை. டீச்சராக இருந்தால் கேட்டிருப்பார்.

ஆனால் அவரும் கேட்டிருப்பாரா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அந்த மீட்டுக்குப் பிறகு அவருக்கு வேலை நீட்டிக் கொடுக்கவில்லை. பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் மரியாதை இல்லாத பேச்சு என்று காரணம். ஒரு நாள் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். விசில் இல்லை, அதே துணிப்பை. பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்தார். வந்து என்னவோ சொன்னார். உதடு அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வலது காதைத் திருப்பிக் காட்டினேன். திரும்பச் சொன்னார். அப்போதும் கேட்கவில்லை.

"கேக்கல டீச்சர். சத்தமா சொல்லும்" என்றேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். பெட்டியோடு ஒரு குடும்பம், கடலை விற்கிறவன், வரிசையில் காலேஜ் பயல்கள். கையை அசைத்து ஒன்றுமில்லை என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஹாஸ்டல் குழாய் இப்போதும் அடைக்கிறது. இப்போதும் என் ஆட்களைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் போனால் குழியைப் பார்ப்பேன், பிறகு அந்தப் பூட்டின கதவைப் போய்ப் பார்ப்பேன். உள்ளே வலையும் கிழிந்த பந்துகளும் போட்டுவைத்திருக்கிறார்கள். புகைக்குழாயில் காக்கை கூடு கட்டியிருக்கிறது. கல்லில் அந்தப் பேர்கள் மட்டும் பளபளவென்று இருக்கின்றன. யாரோ துடைக்கிறார்கள்.

இதை வாசிக்கிற தமிழ் ஆட்களில் அந்த ஆபீஸுக்குள் போய்வருகிறவர்கள் இருக்கிறீர்கள். எனக்காக ஒன்று கேளுங்கள், சத்தமாகவே கேளுங்கள். அந்தக் கல்லில் என் பேரைப் போடவேண்டும். டீச்சர் பேரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, என் பேரைச் சொல்ல உண்டு, குழாய் போடுகிற அண்ணாச்சி என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும். ரிப்பன் வெட்டினவர் கட்டவில்லை, தலைவர் கட்டவில்லை, சாவியை வைத்திருக்கிறவர் கட்டவில்லை. நாலாங்கிளாஸ் படித்த நான் கட்டினேன். கதவைத் திறக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பூட்டின கதவுக்கு மேலேயே போடட்டும். உள்ளே குழாயில் இன்றைக்கும் தண்ணீர் நிற்கிறது. நான் போட்ட குழாய், திறந்தால் வரும்.